சுவர் பெற்ற அறை

ஒரு சுவர் வயிறு தள்ளினால் குற்றம் பூசினவர் கையில்தான் என்பது கொத்து வேலை நடக்கிற ஊர்களில் எல்லாம் எழுதாத சட்டம். ஆனபடியால், ஆடி மாசத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்த சந்தனமாரி, தன் சொந்த வீட்டுச் சுவர், தன் கையாலேயே பூசின சுவர், நட்ட நடுவில் ஒரு தண்ணீர்க் குடம் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நிற்கிறதைக் கண்டதும், முதல் காரியமாகக் கொடியில் கிடந்த சேலையை இழுத்து அதன்மேல் போட்டு மூடிவிட்டு, யாரும் பார்த்துவிட்டார்களா என்று வாசலை எட்டிப் பார்த்தாள். பார்த்தால் மானம் போய்விடுமே. பாளையங்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் சாந்துச் சட்டி சுமக்கிற பெண்கள் எத்தனையோ பேர், கரணை பிடித்துச் சுவர் பூசுகிற பெண் அவள் ஒருத்திதான். பூசி முடித்ததும் டார்ச் லைட்டைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து அடித்துப் பார்ப்பாள். எங்காவது ஒரு மேடு, ஒரு பள்ளம், மயிரிழை கனத்துக்கு ஒரு நிழல் விழுந்தால் போதும், அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அப்படிப்பட்டவள் வீட்டுச் சுவருக்குத் தொப்பை என்றால் ஊர் சிரிக்குமா சிரிக்காதா?

அந்தச் சுவர் மற்றச் சுவர்களைப் போலப் பூசினதும் அல்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னால், கைக்குழந்தையாக இருந்த மகள் நடந்து பள்ளிக்கூடம் போய்விட்ட பிறகும் வீடு வெறும் செங்கல்லாகவே நிற்கிறதே என்று, தினமும் சாயங்காலம் வேலை முடிகிற நேரத்தில் சட்டியின் அடியில் தங்குகிற கடைசிக் கலவையை, வீணாகக் கொட்டுகிறதை, ஒரு தூக்குவாளியில் வழித்து எடுத்துக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்து, அது இறுகுவதற்குள் ஒரு கையகலம் இரண்டு கையகலம் என்று பூசிவந்தாள். கல்யாண மண்டபத்துக் கலவை, மாதா கோயில் கலவை, பிரசவ ஆஸ்பத்திரிக் கலவை, புது மாப்பிள்ளைக்கு மாடியில் அறை எடுத்த வக்கீல் வீட்டுக் கலவை, எல்லாம் கலந்து ஒன்றரை வருஷத்தில் ஒரு சுவர். அதில் எந்தக் கலவை இந்த வேலையைப் பண்ணியது என்று யாருக்குத் தெரியும்? தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது? பிள்ளை உண்டான பிறகு எந்த நாளில் உண்டானது என்று கேட்டுக்கொண்டிருப்பது வெட்டிப் பேச்சு.

வீடு என்று பேருக்குச் சொல்கிறதே தவிர அது ஒரே ஒரு அறை. கொடிக்கால் வளவு என்றால் ஒரு பொது வாசல், ஒரு கிணறு, அதைச் சுற்றி ஏழு ஒற்றை அறைக் குடும்பம். அறைக்குள்ளேயே அடுப்பு, அறைக்குள்ளேயே படுக்கை. சந்தனமாரியின் புருஷன் உச்சிமாகாளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீ மாஸ்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். ஒரே மகள் செண்பகத்தை அந்த ஆனி மாசம்தான் தூத்துக்குடியில் லாரி ஓட்டுகிற பால்துரைக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தங்கமான பையன், ஆனால் ஆறடி. மறுவீட்டுக்கு வந்தவன் முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடிக்க ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டான். சாயங்காலம் ஆனதும் படுக்கிற பேச்சு வரும் முன்னாலேயே, "லோடு இருக்கு அத்தை, இப்பம் கெளம்புனாத்தான் சரியா இருக்கும்" என்று பொய் சொல்லிப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். அது பொய் என்று சந்தனமாரிக்குத் தெரியும், வளவுக்கும் தெரியும், தெரியாதது போல எல்லாரும் கையசைத்து வழியனுப்பினார்கள்.

பத்து நாள் கழித்துச் செண்பகம் போன் போட்டாள். "யம்மா, தலைத் தீபாவளிக்கு நாங்க அங்க வரல. இங்கனயே கும்புட்டுக்கிடுதோம். நீ மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத."

எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது? தலைத் தீபாவளிக்கு மகளும் மருமகனும் தாய்வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காவிட்டால் பெற்றவளுக்கு அதைவிடக் குறை வேறு இல்லை. ஊரில் இருக்கிறவன் படுக்கை அறையை எல்லாம் கண்ணாடி மாதிரி பூசிக்கொடுத்த கைக்கு, தன் பிள்ளை வந்து ஒரு ராத்திரி தங்க நாலு சுவர் இல்லை. அந்த நினைப்பு வேலைக்குப் போகும்போதும் கூடவே போயிற்று, வரும்போதும் கூடவே வந்தது.

இந்த நிலையில்தான் சுவரின் வயிறு. சேலையால் மூடிவைத்த இரண்டாம் நாள், உளியை எடுத்துப் புடைப்பைக் கொத்தித் தள்ளிவிட்டுப் புதுக் கலவை போட்டு, மட்டக்கோலை வைத்து இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து ஒரு குழந்தையின் கன்னம் போல ஆக்கிவிட்டுப் படுத்தாள். காலையில் பார்த்தால் போட்ட கலவை இருந்த இடம் தெரியவில்லை, வயிறு மட்டும் ஒரு சுற்றுப் பெரிதாகி இருந்தது. மறுபடி போட்டாள், மறுபடி தின்றது. மூன்றாம் தடவை ஒரு முழுச் சட்டி தின்றது. அதோடு தினமும் விடிகிற நேரம் சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்பு கக்கிக்கிடக்கும், துடைக்கத் துடைக்கப் பத்து மணிவரை கக்கும், அதற்குப் பிறகு தெளிந்துவிடும். உச்சிமாகாளிதான், டீத்தூள் வாசம் அடிக்கிற கையால் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏளா, நீ செண்பகத்த உண்டாயிருக்கும்போது இப்பிடித்தான் காலையில வாந்தி எடுப்ப" என்றான். சந்தனமாரி அவனை முறைத்தாள்.

எட்டாம் நாள் ஒளிக்க வழியில்லாமல் போயிற்று. சுவருக்கு மறுபக்கம் ஞானசெல்வம் வீடு. பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆக்கி ஓய்வுபெற்ற ஒண்டிக்கட்டை. அவளும் சந்தனமாரியும் பேசிப் பதினாலு வருஷம் ஆகிறது. இந்தச் சுவரைப் பூசத் தொடங்கின அன்றைக்குக் கலவையை ஓங்கி எறிந்த வேகத்தில், அந்தப் பக்கம் மாட்டியிருந்த இயேசுநாதர் படம் விழுந்து கண்ணாடி உடைந்துபோனது காரணம். "என் பக்கம் அவ கரண பட்டுதோ, பொறவு நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்ன சொல்லில் நின்று, ஞானசெல்வம் தன் பக்கத்தைப் பூசவே விடாமல் வெறும் செங்கல்லாகவே வைத்துக்கொண்டாள். அப்பேர்ப்பட்டவள் அன்று காலை வளவு நடுவில் வந்து நின்று, "ஏ மாரி! ஒன் சொவரு எனக்க அடுப்பு மேல வயித்தத் தள்ளிக்கிட்டு வருதுட்டி!" என்று கூப்பாடு போட்டாள். பதினாலு வருஷத்து வைராக்கியம் அப்படி ஒரு அடுப்புச் சமாசாரத்தில் உடைந்தது.

ஏழு வீடும் கூடிவிட்டது. கூடினவர்களில் மைதீன் பீவி, பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டில் முப்பது வருஷம் ஆயா வேலை பார்த்தவள், எல்லாரையும் ஒதுக்கிவிட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சுவரின் வயிற்றில் மேலே ஒரு கை கீழே ஒரு கை வைத்து, கண்ணை மூடி, காதை ஒட்டிக் கேட்டாள். ஒரு ஈ பறந்தால் கேட்கும். கடைசியில், "எத்தன வயிறு பாத்திருப்பேன். இது ஏழு மாசம். தல திரும்பல இன்னும். பொரட்டாசி கடசீல எறங்கிரும்" என்றாள். அவள் சொன்ன பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. மைதீன் பீவி ஆண் என்றால் ஆண், பெண் என்றால் பெண், இரட்டை என்றால் இரட்டை.

"என்ன பிள்ளையா இருக்கும் பீவியக்கா?" என்று சந்தனமாரி கேட்டாள்.

"சொவரு வயித்துல என்னட்டி பொறக்கும்? ரூமுதான்."

அதைக் கேட்டதும் சந்தனமாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ரூம்! புரட்டாசி போனால் ஐப்பசி, ஐப்பசியில் தீபாவளி. விரலை மடக்கி நாளை எண்ணினாள். சுவரின்மேல் போட்டிருந்த சேலையை எடுத்து, வெட்கப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்பது போல அந்த வயிற்றை ஒருதரம் தடவிக்கொடுத்தாள்.

அன்றிலிருந்து அது வளவுக்குப் பொதுப் பிள்ளைத்தாய்ச்சி. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று சட்டம் ஆயிற்று. அம்மியில் ஓங்கித் தட்டுகிறவர்களை, "மெள்ள, மெள்ள, அவளுக்குத் தூக்கிப்போடும்லா" என்று அடக்கினார்கள். ஒருத்தி புளி கரைத்துக் கொண்டுவந்து பூசிப் பார்த்தாள், குடித்தது. ஒருத்தி மாங்காய் ஊறுகாயைத் தடவினாள், குடிக்கவில்லை. அதற்குப் பிடித்தது சலித்த மணலும் சிமெண்டும் கலந்த கெட்டிக் கலவைதான், அதுவும் சந்தனமாரி கையால் ஊட்டினால்தான். ஒன்பதாம் மாசம் வளைகாப்பு வைத்தார்கள். ஏழு வீட்டிலும் ஏழு வகைச் சோறு. வளையலை எதில் மாட்டுவது என்று அரைமணி நேரம் சண்டை போட்டுவிட்டு, கடைசியில் ஈரக் கலவையைக் கனமாக அப்பி, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்களை வரிசையாக அதில் பதித்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். ஞானசெல்வம் தன் பக்கத்துச் செங்கல் அருகில் நின்று ஒரு கீர்த்தனை பாடினாள், மைதீன் பீவி ஒரு துஆ ஓதினாள், மற்றப் பெண்கள் குலவை போட்டார்கள். சுவர் அன்றைக்குப் பூரா இளஞ்சூடாக இருந்தது.

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வலி கண்டது. காரை பொடிப்பொடியாக உதிர்ந்தது, செங்கல்லுக்குச் செங்கல் முனகியது. மைதீன் பீவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முக்கு தாயி, இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரு முக்கு" என்று சொல்லச் சொல்ல, நடுவில் ஒரு செங்கல் விலகியது, அப்புறம் அதற்கு மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடித்து உடைத்த தடமே இல்லாமல் தானாக ஒதுங்கி வழிவிட்டு, உள்ளே ஒரு சர்க்கரை மூட்டை வைக்கிற அளவுக்கு ஒரு சின்ன அறை. நாலு மூலை உண்டு, தரை உண்டு, கூரை உண்டு, ஒரு மூலையில் ஒன்றரை முழத்துக்குக் கறுப்பு வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது; அதை மூன்றாம் வீட்டு எலக்ட்ரீசியன் வந்து வெட்டி டேப் சுற்றினான். புது மண் வாசமும் சுண்ணாம்பு வாசமுமாக அடித்தது. "கொறையொண்ணும் இல்ல. நல்லா இருக்கு ரெண்டும்" என்றாள் மைதீன் பீவி. சந்தனமாரி தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பச்சைப்பிள்ளை மாதிரி செங்கல் சிவக்கச் சிவக்க இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஞானசெல்வம் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "சொவரு பாதி என்னுது. வாசல் ஒன் பக்கம் வந்துட்டு, சரி. அதுக்காவ எனக்கு ஒறவு இல்லன்னு ஆயிராது, சொல்லிட்டேன்."

"ஒனக்கு இல்லாத ஒறவா ஞானக்கா" என்றாள் சந்தனமாரி. அவ்வளவுதான் சமாதானம்.

பிறந்த பிள்ளையை வளர்க்க வேண்டாமா? புதுச் சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது கொத்து வேலைக்காரர் வழக்கம், பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது பெண்கள் வழக்கம். இரண்டும் ஒன்றாகப் போயிற்று. ஒன்றுவிட்டு ஒரு நாள் குழாய் வருகிற ஊரில், ஏழு வீடும் தங்கள் குடத்திலிருந்து ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றின. குளிப்பாட்டினதும் சாம்பிராணி காட்டினார்கள். அறை தினமும் நாலு விரற்கடை வளர்ந்தது. அதைச் சின்னவீடு என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்ட உச்சிமாகாளி, பெண்டாட்டியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது வளவு பூரா கேட்டது. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு ஒரு அதிகாரி டேப்போடு வந்தார். வளவை வெளியே அளந்தார், பழைய அளவு. ஞானசெல்வம் வீட்டை அளந்தார், ஒரு அங்குலம் குறையவில்லை. உள்ளே தவழ்ந்துபோய் அறையை அளந்தார், நாலு அடி. நெற்றியைத் துடைத்துக்கொண்டு உச்சிமாகாளி போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "வெளிய கூடலல்லா? பொறவு எனக்கென்ன" என்று போய்விட்டார்.

அறை பிறந்த மறுநாளே சந்தனமாரி மகளுக்குப் போன் போட்டிருந்தாள்.

"ஏட்டி, தீபாவளிக்கு வாங்க. ரூமு இருக்கு."

"ஏதும்மா ரூமு?"

"நம்ம சொவரு பெத்துருக்கு."

"சரிம்மா. எத்தன அடி?"

"இப்பம் ரெண்டர. வளருது."

"அவுக ஆறடிம்மா."

"எனக்குத் தெரியாதாட்டி? தீபாவளிக்கு எட்டடி வந்துரும். மாப்ளட்ட சொல்லி லீவு போடச் சொல்லு."

சொல்லியாயிற்று. சொன்ன வாய்க்கு இனிப் பின்வாங்க வழி கிடையாது. பதிமூன்றாம் நாள் அறை ஐந்தடி தாண்டியது, ஆள் குனிந்து நிற்கலாம் என்று ஆயிற்று. தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம். சந்தோஷத்தில்தான் மனுஷர் தப்புச் செய்கிறது. அந்தப் பூசாத செங்கல்லைப் பார்க்கப் பார்க்கச் சந்தனமாரிக்குக் கை துறுதுறுத்தது. தூத்துக்குடியில் சம்பந்தி வீட்டில் குளிக்கிற இடத்தில்கூடக் கூரைவரை டைல்ஸ். பூச்சுக்காரி வீட்டில் மருமகன் வெறும் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு படுப்பதா? ஆற்று மணலைத் துணியில் சலித்தாள். கலவையைக் காலால் மிதித்துக் குழைத்தாள். இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, உள்ளே மண்டியிட்டு நாலு சுவரும் பூசினாள், மூலைக்கு மூலை நூல் பிடித்தாள், சிமெண்டுப் பால் தொட்டுத் தேய்த்தாள். டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தால் வெளிச்சம் இந்த முனையில் புறப்பட்டு அந்த முனையில்தான் போய் நின்றது, நடுவில் ஒரு நிழல் கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் அவள் கை அப்படி ஒரு பூச்சுப் பூசினதில்லை. வளவே வந்து பார்த்துவிட்டு வாயில் கை வைத்தது.

மறுநாள் காலை மட்டக்கோலை வைத்து அளந்தாள். ஐந்தடி இரண்டு அங்குலம். அதற்கு அடுத்த நாளும் ஐந்தடி இரண்டு அங்குலம். அதற்கும் அடுத்த நாள், மட்டக்கோல் பொய் சொல்கிறதோ என்று டேப் வாங்கிவந்து அளந்தாள், அதுவும் ஐந்தடி இரண்டு அங்குலம்தான் என்றது.

வளவு பதறிப்போயிற்று. "கண்ணுபட்டுட்டு, அன்னைக்கு வந்து பாத்தாள்லா அந்த மேலத்தெருக்காரி" என்று ஒருத்தி மிளகாய் வற்றல் சுற்றினாள். இரண்டு செம்பு தண்ணீர் கூட ஊற்றினார்கள்; சுவர் குடிக்காமல் வழியவிட்டது. மைதீன் பீவி காதை வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, "சீவன் இருக்கு, சத்தம் வரமாட்டேங்கு" என்றாள். சந்தனமாரி மருமகனின் நீளத்துக்குத் தரையில் தானே படுத்துப் பார்த்தாள். அவளுக்கே தலை ஒரு சுவரிலும் கால் ஒரு சுவரிலும் முட்டியது. இன்னும் இரண்டு நாளில் அவர்கள் வந்துவிடுவார்கள். இந்தத் தடவையும் மாப்பிள்ளை லோடு இருக்கிறது என்பான். இந்தத் தடவை போனால் அப்புறம் வரவே மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று மத்தியானம் ஞானசெல்வம் கூப்பிட்டாள். "மாரி, இங்கன வா. வந்து எம்பக்கம் தொட்டுப் பாரு."

பதினாலு வருஷம் கழித்துச் சந்தனமாரி அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டினாள். பூசாத சுவர். தொட்டாள். செங்கல் வெதுவெதுப்பாக இருந்தது, கையை எடுக்காமல் வைத்திருந்தால் மெள்ள மேலே வந்து, மெள்ள உள்ளே போயிற்று, தூங்குகிற பிள்ளையின் முதுகு மாதிரி. இடுக்குகளில் ஞானசெல்வம் ஊற்றின தண்ணீரைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து தன் பக்கம் தொட்டாள், அறைக்குள்ளே, அந்தக் கண்ணாடிப் பூச்சில் தொட்டாள். சில்லென்று கிடந்தது. மறுபடி அங்கே போனாள், மறுபடி இங்கே வந்தாள். மூன்றாவது தடவை வந்தவள் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஞானக்கா, நாந்தான். நாந்தான் மூடிட்டேன். மூச்சுவிட எடமில்லாமப் பூசிட்டேன்."

ஞானசெல்வம் மூலையில் கிடந்த உளியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

கொத்துகிறது கஷ்டமான வேலை இல்லை, நல்ல பூச்சைக் கொத்துகிறதுதான் கஷ்டம். சந்தனமாரி உளியை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். உச்சிமாகாளி மெதுவாக, "ஏளா, வேற யாரையாவது கொத்தச் சொல்லுவமா?" என்றான். "எவங் கை படணும் இதுல? எட்டிப் போங்க" என்று சீறிவிட்டு முதல் அடி அடித்தாள். அடிக்க அடிக்கக் கண்ணீர் ஓடியது. நூல் பிடித்த மூலையை அடித்தாள், பால் தேய்த்த முகத்தை அடித்தாள், தன் வாழ்நாளில் தன்னைவிட்டால் ஆளில்லை என்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே அத்தாட்சியைத் துண்டு துண்டாகப் பேர்த்து எறிந்தாள். மூக்கைச் சிந்தினாள், திட்டினாள், யாரை என்று இல்லாமல் திட்டினாள், திட்டிக்கொண்டே அடித்தாள். விழுந்த காரையை ஞானசெல்வம் சட்டியில் அள்ளி வெளியே கொட்டினாள். அவள் தலை பூரா சிமெண்டுத் தூசி. நாலாவது சுவரின் கடைசிக் காரை விழுந்ததும் அறை ஒரு பெருமூச்சு விட்டது, எல்லாருக்கும் கேட்டது. மைதீன் பீவி, "அல்லாவே" என்று தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆறடி. மறுநாள் ஏழடி. தீபாவளிக்கு முந்தின நாள் காலை எட்டரை அடி நீளம், எட்டு அடி அகலம், உயரம் உச்சிமாகாளி கையைத் தூக்கினாலும் எட்டாத உயரம். வாசலுக்கு வீடு இடிக்கிற இடத்தில் ஒரு பழைய தேக்குக் கதவு வாங்கிவந்து மாட்டினார்கள்.

பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வளவே வாசலில் நின்றது. "வாங்க மாப்ள, வாங்க, வாங்க" என்று ஏழு வீட்டுக் குரலும் ஒன்றாகக் கூப்பிட்டதில் பால்துரைக்கு முகம் சிவந்துபோயிற்று. இலை போட்டார்கள், சாப்பிட்டார்கள், ஞானசெல்வம் ஆக்கின சாம்பாருக்கு மாப்பிள்ளை மூன்று தடவை சோறு வாங்கினான். பிறகு சந்தனமாரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அறையைக் காட்டினாள்.

செண்பகம் உள்ளே போய் நாலு சுவரையும் சுற்றிப் பார்த்தாள். சுத்தியல் தடம் விழுந்த செங்கல்லை விரலால் தடவினாள். "ஏம்மா, ஊரெல்லாம் பூசுத, இத பூசலயா?"

"பூசக்கூடாதுட்டி" என்றாள் சந்தனமாரி. "வளருத பிள்ள."

பால்துரை பாயில் சும்மா படுத்துப் பார்த்தான். காலை நீட்டினான். இன்னும் நீட்டினான். எங்கும் முட்டவில்லை. "நல்லாருக்கு அத்த" என்றான். லோடு என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை.

சரி, கொஞ்சம் கண்ணயரட்டும் என்று சந்தனமாரி எச்சில் இலையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

நின்றுவிட்டாள். பெற்ற நாளிலிருந்து கல்யாணம் வரைக்கும் அந்த மகள் உடுத்தினதும், அழுததும், காய்ச்சலில் பிதற்றினதும், எல்லாம் அவள் கண்முன்னால், எல்லாம் அவள் கைக்கெட்டுகிற தூரத்தில். செண்பகம் அம்மாவை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவது இதுதான் முதல் தடவை. ஒரு நொடி சுருக்கென்று குத்தியது, இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த நொடி சந்தனமாரிக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் எச்சில் இலையோடு வாசலுக்கு ஓடினாள்.

"ஞானக்கா, ஒன் ரேடியாவக் கொற" என்றாள். அம்மியில் இருந்தவளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு இலையைத் தூர எறிந்துவிட்டுக் கையைக் கழுவி, அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு முதல் வீட்டுக்குப் போனாள், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கு, அதற்கும் அடுத்த வீட்டுக்கு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஆளுக்கு ஒரு அதிரசத்தை நீட்டி, யாருக்கும் கேட்டுவிடாத தாழ்ந்த குரலில், எல்லாருக்கும் சொன்னாள்:

"எம் மவ கதவச் சாத்திக்கிட்டா."